பிள்ளை போன வீடு

விக்கிரவாண்டியில் பிரிந்து கோலியனூர் கூட்டுரோடு, பண்ருட்டி, சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போய்த் தஞ்சாவூரைத் தொடுகிறது ஒரு தேசிய நெடுஞ்சாலை. இந்தச் சாலையில் உள்ள இரண்டு ஊர்களின் பெயரைக் கேட்டால் தமிழ்நாட்டுப் பெற்றோர் பலருக்கு இன்றும் வயிறு கலங்கும். கும்பகோணம் காசிராமன் தெருவில் 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை காலை, சத்துணவு சமைத்த அடுப்பின் நெருப்பு கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தார்கள். விக்கிரவாண்டியில் 2025 ஜனவரி 3, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. படித்த சிறுமி, கழிவுநீர்த் தொட்டியின் துருப்பிடித்த இரும்பு மூடி உடைந்து உள்ளே விழுந்து இறந்தாள்.

முதல் சம்பவத்துக்கு விசாரணை ஆணையம், நினைவு மண்டபம், ஆண்டுதோறும் அஞ்சலி எல்லாம் உண்டு. இரண்டாவதற்குச் சாலை மறியலும், கைதும், முதலமைச்சர் நிவாரண நிதியிலிருந்து 3 லட்சம் ரூபாயும், ஒரு வாரச் செய்தியும். இரண்டு ஊருக்கும் நடுவே, அதே சாலையில், கோலியனூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் வருடம் முழுக்க நடக்கும் குழந்தைச் சாவுகளுக்கு இதுகூடக் கிடையாது. குறைமாதத்தில் பிறந்து இன்குபேட்டரில் வைத்தும் தங்காத குழந்தை, நிமோனியாவில் போன கைக்குழந்தை, அம்மா களை எடுத்துக்கொண்டிருந்தபோது வரப்போரத்துக் கிணற்றில் விழுந்த மூன்று வயதுப் பிள்ளை. 108 வண்டி முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ ஓடும். சில நேரம் துணியில் சுற்றிய ஒரு சின்ன உடலோடு திரும்பும்.

குழந்தை எப்படி இறந்தது என்பது பற்றி நிறைய எழுதப்படுகிறது, எழுதப்படவும் வேண்டும். அதற்குப் பிறகு அந்த வீடு என்ன ஆகிறது என்பது பற்றி மிகக் கொஞ்சம்தான் தமிழில் பேசியிருக்கிறோம். கூட்டமாகப் பிள்ளைகளை இழந்த பெற்றோருக்கு ஒருவருக்கொருவர் துணை இருக்கிறது. ஊரில் ஒரே வீடாக இழந்தவர்களுக்கு அந்தத் துணை இல்லை. முன்பு அந்த இடத்தை ஓரளவு நிரப்பிய வழக்கங்கள் தேய்ந்துவிட்டன, புதிதாக எதுவும் அங்கே வந்து சேரவில்லை. இந்தக் கட்டுரையின் கவலை அந்த ஒற்றை வீடு.

தேசியக் குடும்பநல ஆய்வின் முதல் சுற்று 1992-93இல் நடந்தபோது, தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறக்குறைய 87 பேர் ஐந்து வயதைத் தாண்டவில்லை. ஐந்தாம் சுற்றில், 2019-21இல், அது 22 ஆனது. ஒரு தலைமுறைக்குள் நடந்த பெரும் சாதனை இது. கிராம சுகாதார செவிலியர்கள், அங்கன்வாடிகள், ஆரம்ப சுகாதார நிலையப் பிரசவங்கள், தடுப்பூசி ஆகியவற்றின் பலன். ஆனால் இந்தச் சாதனைக்குள் ஒரு தனிமையும் ஒளிந்திருக்கிறது. இன்றைய பாட்டிகளின் காலத்தில் ஒரு தெருவில் பிள்ளையைப் பறிகொடுக்காத வீடு அரிது. துக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் பக்கத்தில் வந்து உட்கார, அதே துக்கத்தைப் பட்டவள் நாலு வீடு தள்ளி இருந்தாள். இன்று அந்தத் தெருவில் அப்படிப்பட்ட வீடு ஒன்றே ஒன்றாக இருக்கலாம். வந்து ஆறுதல் சொல்பவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரியாததால் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார்கள்: "அது குடுத்து வெக்கல." "ரெண்டாவது இருக்கே, அதப் பாத்து மனசத் தேத்திக்கோ." "வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்கலாம்மா."

கடைசிச் சொல்லில்தான் சிக்கல். பெற்றுக்கொள்ள முடியுமா?

அதே ஐந்தாம் சுற்றின்படி தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். இரண்டாவது பிரசவத்தோடு சேர்த்தே 'ஆபரேஷன்' முடிந்துவிடுவது நம் ஊர் நடைமுறை. முப்பது வயதுக்கு முன்பே கருப்பை பற்றிய முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. இரண்டு பிள்ளையும் நல்லபடியாக வளரும் என்ற நம்பிக்கையின் மேல் எடுக்கப்படும் முடிவு அது. பெரும்பாலான வீடுகளில் அந்த நம்பிக்கை பலிக்கிறது. பலிக்காத வீட்டில், இழப்பின் மேல் இன்னொரு இழப்பாக அந்தத் தழும்பு நிற்கிறது.

இதை அரசு ஒருமுறை கண்ணால் பார்த்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டில் ஏறக்குறைய எட்டாயிரம் பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டம், அதிலும் பிள்ளைகள் ஏராளம். விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம் கடற்கரைக் குப்பங்களும் தப்பவில்லை. சில வாரங்களிலேயே மீனவக் குப்பங்களிலிருந்து ஒரு கோரிக்கை எழுந்தது: கட்டிய குழாயை அவிழ்த்து விடுங்கள். அரசு அதை ஏற்றது. பிள்ளைகளை இழந்த, ஏற்கெனவே கருத்தடை செய்துகொண்ட பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் குழாய் மறுஇணைப்பு அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. தனியாரிடம் செய்துகொள்ளவும் உதவித்தொகை அறிவிக்கப்பட்டது. எல்லோருக்கும் பலன் கிடைக்கவில்லை. முதலில் எந்த முறையில் கட்டினார்கள், குழாய் எவ்வளவு நீளம் மிஞ்சியிருக்கிறது, பெண்ணுக்கு என்ன வயது என்பதையெல்லாம் பொறுத்தது அது. ஆனாலும் ஒரு துக்கத்தைக் கருப்பையின் அளவில் புரிந்துகொண்டு அரசு பதில் சொன்ன அரிய தருணம் அது என்று சொல்ல வேண்டும். கோலியனூரில் தனியாக ஒரு பிள்ளையை இழந்த பெண்ணுக்கு இப்படி ஒரு சிகிச்சை உண்டு என்ற தகவலாவது யாராவது சொல்வார்களா என்பது அவளுடைய அதிர்ஷ்டம்.

அதே ஆழிப்பேரலையில் இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலம் இன்னும் பல மடங்கு அழிந்தது. அங்குள்ள தாய்மார்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து ஜென்னா நோபிள்ஸ், எலிசபெத் ஃபிராங்கன்பெர்க், டங்கன் தாமஸ் ஆகியோர் 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளையை இழந்த தாய்மார்கள் மறுபடி பிள்ளை பெறும் வாய்ப்பு மற்றவர்களைவிடத் தெளிவாகக் கூடியிருந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. தாங்கள் யாரையும் இழக்காத, இன்னும் பிள்ளையே பெறாத பெண்களும், அதிகம் பேர் இறந்த ஊர்களில் சீக்கிரமே பிள்ளை பெறத் தொடங்கினார்கள். வெறிச்சோடிய ஊரை ஊரே நிரப்பப் பார்த்தது.

மறுபடி பிறக்கும் அந்தக் குழந்தையின் நிலை எளிதல்ல. அமெரிக்க மனநல ஆய்வாளர்களான ஆல்பர்ட் கெய்னும் பார்பரா கெய்னும் 1964இல் 'ஈட்டுக் குழந்தை' பற்றி எழுதினார்கள். இறந்த பிள்ளைக்குப் பதிலாகப் பெறப்பட்ட குழந்தை, பார்த்தே இராத ஓர் அண்ணனோடோ அக்காளோடோ வாழ்நாள் முழுக்க ஒப்பிடப்படுகிறது. காய்ச்சல் கண்டால் பெற்றோர் பதறும் பதற்றம் அதற்குள்ளும் இறங்கிவிடுகிறது. அவர்கள் பார்த்தது சிகிச்சைக்கு வந்த சில குடும்பங்களை மட்டும்தான், ஆகவே எல்லா வீட்டுக்கும் இதைப் பொருத்திவிடக் கூடாது. நேர்மாறான செய்தியும் இருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பிள்ளையை இழந்து சராசரியாக 18 ஆண்டுகள் கழிந்த பெற்றோரை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், அவர்களிடம் மனச்சோர்வும் உடல்நலக் கோளாறும் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருந்தன. அதற்குள் ஓரளவு தேறியவர்களைப் பிரித்துப் பார்த்தபோது, எத்தனை ஆண்டு ஆனது என்பதற்கோ எப்படி இறந்தது என்பதற்கோ தேறுதலோடு தொடர்பு இல்லை. வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் இருப்பதாக உணர்ந்தவர்களும் வேறு பிள்ளைகள் உள்ளவர்களும்தான் தேறியிருந்தார்கள். காலம் ஆற்றும் என்று துக்க வீட்டில் சொல்வது வழக்கம். பதினெட்டு ஆண்டுக் கணக்கு அதை உறுதி செய்யவில்லை.

உடம்பின் கணக்கு இன்னும் கடுமையானது. கைக்குழந்தை இறந்த வீட்டில் தாயின் உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்வதில்லை. மூன்றாம் நாள், நான்காம் நாள் பால் கட்டிக்கொள்கிறது. மார்பு கல்லாகிறது, காய்ச்சல் வருகிறது, பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் ரவிக்கை நனைகிறது. வட மாவட்டக் கிராமங்களில் கிழவிகள் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதைச் சோதித்து 1988இல் வெளியிட்ட ஆய்வு, பாலை வற்றச் செய்வதற்கு அப்போது கொடுக்கப்பட்டு வந்த புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிடத்தக்க பலன் மல்லிகைக்கு இருந்ததாகச் சொன்னது. பிரசவ வார்டிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பும் பெண்ணிடம் பால் கட்டும், வலிக்கும், இப்படிச் செய் என்று சொல்லியனுப்புவது ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடம் கிடைக்காதவள் அந்த வலியைத் தண்டனையாக எடுத்துக்கொள்கிறாள்.

நீண்ட காலத்தில் என்ன ஆகிறது? டென்மார்க்கில் 1980 முதல் 1996 வரை பிள்ளையை இழந்த 21,062 பெற்றோரின் பதிவுகளை, இழக்காத பெற்றோரோடு ஒப்பிட்டு 2003இல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. தாய்மார்களின் இறப்பு வாய்ப்பு 43 சதவீதம் கூடியிருந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் தற்கொலை, விபத்து போன்ற இயற்கையல்லாத சாவுகள் ஏறக்குறைய நான்கு மடங்கு. தந்தையரிடம் கூடுதல் ஆபத்து பெரும்பாலும் அந்த ஆரம்ப ஆண்டுகளில், அதுவும் இயற்கையல்லாத சாவாகவே இருந்தது. இலவச மருத்துவமும் சமூகப் பாதுகாப்பும் உள்ள நாட்டில் இந்த நிலை. டாஸ்மாக் கடையைத் தவிர ஆண்களின் துக்கத்துக்கு வேறு இடம் வைக்காத நம் ஊரில் இப்படியொரு பதிவேட்டு ஆய்வு நடந்தால் என்ன தெரியவரும் என்று யோசிக்கவே தயக்கமாக இருக்கிறது.

கணவன் மனைவி பற்றி ஒரு வதந்தி உலகெங்கும் உலவுகிறது: பிள்ளையை இழந்த தம்பதிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிரிந்துவிடுகிறார்கள் என்று. அமெரிக்காவில் 1977இல் வெளியான ஒரு புகழ்பெற்ற புத்தகம் இதைப் பரப்பியது. பிறகு பெற்றோரிடமே எடுத்த கணக்கெடுப்புகளில் அந்த எண் எங்கும் தென்படவில்லை. பிள்ளையை இழந்தோர் அமைப்பு ஒன்று 1999இல் கேட்டபோது மணமுறிவு கண்டவர்கள் 12 சதவீதம்தான். விஸ்கான்சின் ஆய்வில் முறிவு ஓரளவு கூடியிருந்தது உண்மை. ஆனால் பெரும்பாலோர் சேர்ந்தே இருக்கிறார்கள்.

சேர்ந்திருப்பதும் பேசிக்கொள்வதும் வேறு வேறு. விழுப்புரம் பக்கம் மணமுறிவு என்பது கோர்ட்டுக்குப் போகும் விஷயமாக அதிகம் வருவதில்லை. அவள் தாய்வீட்டுக்குப் போய் மூன்று மாதம் திரும்பாமல் இருக்கிறாள். அவன் பெங்களூரில் கட்டட வேலை என்று கிளம்புகிறான். உளவியலாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் 1999இல் முன்வைத்த விளக்கம் இங்கே உதவும். துக்கப்படுபவர்கள் இரண்டு வேலைகளுக்கு இடையே ஊசலாடுகிறார்கள்: ஒன்று இழப்பை நோக்கித் திரும்பி அழுவது, நினைப்பது, மற்றது அன்றாடத்தை நோக்கித் திரும்பி வேலை, கடன், அடுத்த வேளைச் சோறு என்று பார்ப்பது. இரண்டும் தேவை. சிக்கல் எங்கே என்றால், ஒரே வீட்டில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் திரும்புவதில்லை. பத்தாம் நாள் கரும்பு வெட்டப் போன கணவனைப் பார்த்து, "கல்லு மனசு" என்கிறாள் மனைவி. ஆறு மாதம் கழித்தும் பிள்ளையின் சட்டையைத் தலையணைக்கடியில் வைத்திருப்பவளைப் பார்த்து, "இவ தேறவே மாட்டாளா" என்று பயப்படுகிறான் கணவன். அவன் கரும்புக் காட்டில் தனியாக உட்கார்ந்து அழுதது அவளுக்குத் தெரியாது.

இதோடு பழியும் சேர்கிறது. "தாய்க்காரி என்ன பண்ணிக்கிட்டிருந்தா?" என்ற கேள்வியை மாமியார் கேட்காவிட்டால் ஊர் கேட்கும். யாரும் கேட்காவிட்டால் அவளே கேட்டுக்கொள்வாள். கிணற்றில் விழுந்தது, மருந்தை மாற்றிக் குடித்தது, வண்டியில் அடிபட்டது என்று விபத்துச் சாவுகளில் எப்போதும் ஒருவர் பக்கத்தில் இருந்திருப்பார், அல்லது இருந்திருக்க வேண்டியவர் இல்லாமல் போயிருப்பார். பெரும்பாலும் அது தாய், சில நேரம் பாட்டி. பேரனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பிலிருந்த பாட்டி இரண்டு துக்கம் சுமக்கிறாள்: பேரனுக்காக ஒன்று, தன் மகளின் முகத்தைப் பார்க்க முடியாமல் இன்னொன்று.

கூடப் பிறந்தவர்கள் இந்தக் கதையில் கடைசியில்தான் கவனிக்கப்படுகிறார்கள். டென்மார்க், சுவீடன் நாடுகளின் 50 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2017இல் வெளியான ஆய்வில், சிறு வயதில் உடன்பிறப்பை இழந்தவர்களின் இறப்பு வாய்ப்பு பிற்காலத்தில் மற்றவர்களைவிட 71 சதவீதம் கூடுதலாக இருந்தது. இளம் வயதில் சாவு அங்கே மிக அரிது என்பதால் உண்மையான எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் திசை தெளிவு. ஒரே பாலினம், நெருங்கிய வயது என்றால் பாதிப்பு இன்னும் அதிகம். நம் வீடுகளில் இந்தப் பிள்ளைகளுக்கு நேர்வதைப் பார்க்க பதிவேடு தேவையில்லை. அண்ணன் போனதும் ஏழு வயதுத் தங்கை ஒரே பிள்ளை ஆகிறாள். கிணற்றடிப் பக்கம் போகக் கூடாது, சைக்கிள் கூடாது, பள்ளிச் சுற்றுலா கூடாது. அல்லது நேரெதிராக, அவள் இருப்பதே வீட்டில் யாருக்கும் நினைவில் இல்லாமல் போகிறது. ஜாதகம் பார்க்கப் போன இடத்தில், 'இது பொறந்த நேரம்தான் அதைக் கொண்டு போச்சு' என்று ஒருவர் சொல்லிவிட்டால், அந்த வாக்கியத்தை அவள் சாகும்வரை சுமப்பாள். குழந்தைகளுக்குச் சாவு புரியாது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். 'ஊருக்குப் போயிருக்கான்' என்று சொல்லி வைத்தால், அடுத்த முறை அப்பா ஊருக்குக் கிளம்பும்போது அந்தக் குழந்தை ஏன் கதறுகிறது என்று பிறகு யோசிக்க வேண்டியிருக்கிறது.

பழைய வழக்கங்கள் இந்த வீட்டுக்கு என்ன செய்தன? குழந்தைச் சாவுக்குச் சடங்கு குறைவு. எரிக்கும் வழக்கமுள்ள சாதியினரும் சின்னக் குழந்தையைப் புதைக்கிறார்கள். பாலூற்றுவதோடு முடிந்துவிடும், பெரியவர்களுக்குப் போலக் கருமாதி, பந்தல், விருந்து கிடையாது. அதிகம் அழக் கூடாது, அழுதால் அடுத்த பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். பிரேசிலின் வடகிழக்கில் ஒரு சேரிப் பகுதியில் மானிடவியலாளர் நான்சி ஷெப்பர்-ஹியூஸ் பார்த்ததை 1992இல் புத்தகமாக எழுதினார்: பசியில் வரிசையாகப் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்கள் கண்ணீர் விடாமல் அவற்றைத் தேவதைகளாக வழியனுப்பினார்கள். அப்படி ஒரு மரத்துப்போதல் நம் ஊரில் இருந்தது என்று சொல்லிவிட முடியாது. நம் பெயர்களைப் பார்த்தாலே தெரியும். வரிசையாகப் பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் போட்டு, வேறொருத்தியை விட்டு எடுக்கச் சொல்லி, தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கி, குப்பன், குப்பம்மாள், பிச்சை என்று பெயரிட்டார்கள். மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்றார்கள். சாவின் கண்ணில் படாமல் ஒளித்து வைக்கும் தந்திரம் அது. 1990இல் வெளியான ஆய்வு நூலில் மானிடவியலாளர் மார்கரெட் டிராவிக், தமிழ்க் குடும்பத்தில் அன்பு அடக்கி, மறைத்து, சில நேரம் அழுக்கோடும் கடுமையோடும் சேர்த்துத்தான் காட்டப்படுகிறது என்று விரிவாக எழுதினார். குப்பன் என்ற பெயருக்குள் இருப்பது அந்த அன்பின் உச்சம். அவனுக்கு முன்னால் போனவர்களின் நினைவும் அதற்குள்ளேயே இருக்கிறது.

விழுப்புரம், செஞ்சி, திருவண்ணாமலை பகுதிக்கே உரிய இன்னொரு வழக்கம் இதைவிட ஆழமானது. பூவாடைக்காரி வழிபாடு. அகாலத்தில் போன மகளோ மருமகளோ வீட்டுத் தெய்வமாகிறாள். கல்யாணம் போன்ற காரியத்துக்கு முன்னால், இரவில் கிணற்றடிக்கோ ஏரிக்கரைக்கோ போய், பம்பைக்காரர் பம்பையும் உடுக்கையும் அடித்துப் பாட, போனவளை அழைக்கிறார்கள். உறவினர் ஒருவர் மேல் அவள் வருகிறாள், பேசுகிறாள், கோபப்படுகிறாள், குறை சொல்கிறாள். சமாதானமானதும் செம்பில் நீர் எடுத்து வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். பாவாடை, பூ, மஞ்சள் வைத்துப் படைக்கிறார்கள். பழைய தென்னாற்காட்டில் களப்பணி செய்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ் 2000இல் வெளியிட்ட நூலில் இந்தச் சடங்குகளை நுணுக்கமாகப் பதிவு செய்திருக்கிறார். சாவு வீட்டிலிருந்து இறந்தவரை அனுப்பிவைத்த அதே குடும்பம், பின்னொரு நாளில் அவரைத் திரும்ப உள்ளே கூப்பிடுகிறது.

மேற்கத்திய உளவியல் இந்த இடத்துக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. இறந்தவரிடமிருந்து மனதை மெல்ல விலக்கிக்கொள்வதே துக்கத்தின் வேலை என்று ஃபிராய்ட் 1917இல் எழுதினார். 1920இல் அவருடைய மகள் சோஃபி இறந்தார். 1923இல் சோஃபியின் சின்ன மகனும் இறந்தான். 1929இல், மகனை இழந்த நண்பர் பின்ஸ்வாங்கருக்கு எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதுவும் நிரப்பாது, அப்படியே இருக்கட்டும் என்ற பொருளில் அவரே எழுதினார். டென்னிஸ் கிளாஸ் உள்ளிட்டோர் 1996இல் வெளியிட்ட நூல்தான் 'தொடரும் பந்தம்' என்ற கருத்தை நிலைநாட்டியது: இறந்த பிள்ளையோடு பெற்றோர் உறவை வேறு வடிவில் தொடர்வது நோயின் அடையாளமில்லை. பம்பைக்காரருக்கு இது புதுச்செய்தியாக இருந்திருக்காது.

இந்த வழக்கங்களைப் புகழ்ந்து பேசும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. குப்பன் என்ற பெயர் காப்பாற்றவில்லை, தடுப்பூசிதான் காப்பாற்றியது. ஆனால் பம்பைக்காரரை அழைப்பது குறைந்து, பிள்ளைகளுக்குப் புதுப்பெயர்கள் வந்து, பெரிய குடும்பம் நாலு பேர் வீடாகச் சுருங்கியபோது, இறந்த குழந்தையைப் பற்றிப் பேச இருந்த சில சந்தர்ப்பங்களும் போய்விட்டன. இப்போது மிஞ்சியிருப்பது தெருமுனையில் ஒரு வாரம் தொங்கும் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ், கைப்பேசியில் இருக்கும் வீடியோ, ரேஷன் கார்டிலிருந்து பெயர் நீக்க இறப்புச் சான்றிதழோடு அலையும் அலைச்சல்.

கும்பகோணத்தில் நடந்தது வேறு. பெற்றோர் சங்கமாகத் திரண்டார்கள். நீதிபதி சம்பத் ஆணையத்தின் முன் நின்றார்கள். தஞ்சாவூர் நீதிமன்றத்தில் விசாரணை 2012இல் தொடங்கி, 2014 ஜூலை 30இல் பத்துப் பேர் தண்டிக்கப்பட்டு, பதினொரு பேர் விடுவிக்கப்பட்டு, பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, 2017இல் சென்னை உயர்நீதிமன்றம் அதைச் சிறையில் கழித்த காலமாகக் குறைத்தது வரை, விபத்து நடந்த நாளிலிருந்து பதின்மூன்று ஆண்டுகள் ஒரு வழக்கைச் சுமந்தார்கள். தீர்ப்பு பலருக்குக் கசந்தது. ஆனாலும் ஒவ்வொரு ஜூலை 16 அன்றும் பள்ளி வாசலில் படங்களை வைத்து, பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தையும் துணியையும் படைத்து, மாலையில் விளக்கேந்தி நடக்கிறார்கள். அங்கே தாய் ஒருத்தி பிள்ளையின் பெயரை உரக்கச் சொல்லி அழலாம். இருபது ஆண்டு கழித்து இன்னுமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தத் தீ விபத்தை ஒட்டி உச்சநீதிமன்றம் 2009இல் நாடு முழுவதும் பள்ளிகளில் தீத்தடுப்பு ஏற்பாடுகளைக் கட்டாயமாக்கியது. விஸ்கான்சின் ஆய்வு சொன்ன வாழ்க்கை நோக்கம் என்பதை அவர்கள் இப்படித் தேடிக்கொண்டார்கள். கூட்டத்தால் மட்டுமே முடிந்தது அது.

கோலியனூர் வட்டாரத்து ஒற்றை வீட்டுக்கு அரசு வராமல் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இறந்தால் காரணத்தைக் கண்டறிய விசாரணை உண்டு. மத்திய சுகாதார அமைச்சகம் இதற்கு 2014இல் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கு வந்து, காய்ச்சல் எப்போது கண்டது, எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினீர்கள், வண்டி எவ்வளவு நேரத்தில் வந்தது என்று படிவம் நிரப்புவார். அடுத்த குழந்தை பிழைக்க இந்தக் கேள்விகள் அவசியம். ஆனால் அவற்றைக் கேட்கப்படும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். 'எப்பம்மா கவனிச்சீங்க?' என்பது தாயின் காதில் 'ஏம்மா முன்னாடியே கவனிக்கல?' என்றுதான் விழும். குழந்தை ஏன் இறந்தது என்று கேட்க ஆள் வருகிறது. நீ சாப்பிட்டாயா, தூங்குகிறாயா, பால் கட்டு தணிந்ததா, பெரியவன் பள்ளிக்குப் போகிறானா என்று கேட்க ஆள் வருவதில்லை.

எல்லாத் துக்கமும் சிகிச்சைக்குரியதல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறைக்கு வந்த 'நீடித்த துக்கக் கோளாறு', குறைந்தது ஆறு மாதம் தாண்டியும் அன்றாடத்தை முடக்கும் துக்கத்தைக் குறிக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு பெரியவர்களுக்கு ஓராண்டு என்கிறது. அந்தந்தப் பண்பாட்டின் வழக்கத்தை மீறியதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. துக்க வீட்டில் ஓராண்டு பண்டிகை இல்லை என்பது நம் வழக்கம். அந்த முதல் தீபாவளி, முதல் பொங்கல், பள்ளி திறக்கும் ஜூன் மாதம், பிறந்த நாள் எல்லாம் தாண்டியும் எழுந்திருக்க முடியாதவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது, 14416 என்ற டெலி-மானஸ் எண் 2022 அக்டோபர் முதல் இருக்கிறது. புத்திர சோகத்துக்கு அந்த எண்ணை அழைக்கலாம் என்பது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்?

1968இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகர மருத்துவமனை ஒன்றில் இரண்டு சிறுவர்கள் சில நாள் இடைவெளியில் இறந்தார்கள். சைமன் ஸ்டீஃபன்ஸ் என்ற இளம் பாதிரியார் அந்த இரு பெற்றோரையும் ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்தி வைத்தார். தன்னுடைய ஆறுதலைவிட அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டது உதவியதை அவர் கவனித்தார். அடுத்த ஆண்டு அதிலிருந்து பிறந்த 'கம்பாஷனேட் ஃபிரெண்ட்ஸ்' என்ற அமைப்பு இன்று பல நாடுகளில் இயங்குகிறது. அதன் தொடக்கத்துக்குத் தேவைப்பட்டது ஓர் அறிமுகம், ஒரு குவளைத் தேநீர், அவ்வளவுதான்.

கோலியனூர் வட்டாரத்தில் எந்தெந்த வீட்டில் குழந்தை இறந்தது என்பது கிராம சுகாதார செவிலியர்களின் பதிவேடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. விசாரணைப் படிவம் முடிந்த பிறகு மூன்றாம் மாதம் ஒருமுறை, முதலாம் ஆண்டு ஒருமுறை அதே வீட்டுக்குப் படிவம் இல்லாமல் போய் வரலாம். குழாய் மறுஇணைப்பு பற்றிக் கேட்பவளுக்கு முண்டியம்பாக்கத்தில் யாரைப் பார்ப்பது என்று சொல்லலாம். அண்ணனை இழந்த சிறுமியைப் பற்றி அவள் வகுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை போட்டு வைக்கலாம். அடுத்த ஊரில் போன வருடம் இதே துக்கம் பட்ட ஒருத்தி இருக்கிறாள், அவளும் பேச விரும்புகிறாள், கூட்டிவரட்டுமா என்று கேட்கலாம். இதற்குப் புதிய திட்டமோ அரசாணையோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. செவிலியரின் மற்ற வேலைச் சுமையைக் கொஞ்சம் குறைத்துக் கொடுத்தால் போதும்.